பில்டிங் கோட் பாஸ் என்றால் 35 மார்க்தான்: அமெரிக்காவில் வீடு வாங்கும் முன் சுவருக்குள் பாருங்க



போன வாரம் நம்ம சேனல்ல, ஆன்சைட் போய் செட்டில் ஆனவங்களுக்கு வாடகை வீடா, சொந்த வீடா என்று ஒரு வீடியோ போட்டேன். வட்டி, டவுன் பேமென்ட், பிராப்பர்ட்டி டாக்ஸ் எல்லாத்தையும் எக்செல்ல போட்டுக் காட்டினேன். கமெண்ட்ல ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "புது வீடுதானே சார், சிட்டி இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆகிடுச்சு. தனியா ஒரு இன்ஸ்பெக்டருக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?"

அந்தக் கேள்விக்கு ரெண்டு வரியில பதில் எழுத முடியல. ஏன்னா 2022 கடைசியில இதே கேள்வியை என் சித்தி பையன் என்கிட்ட கேட்டான். "வேண்டாம்டா, வேஸ்ட்" என்று சொன்னது நான்தான். அது தப்பான பதில். அந்தத் தப்புக்கு என்ன விலை என்று இன்னைக்குச் சொல்றேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் சி.ஏ., என்ஜினியர் இல்ல. சுவர் எப்படிக் கட்டணும் என்று பாடம் எடுக்க வரல. உங்க வாழ்க்கையிலேயே பெரிய கடன் எந்தப் பொருள் மேல நிக்குதோ, அந்தப் பொருளைப் பத்திக் கடன் வாங்கறவருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் போட்டுக் கொடுத்த கணக்கு

தம்பி டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ல, பில்டர்கிட்ட நேரடியா புது வீடு புக் பண்ணினான். விலை 4,80,000 டாலர். 10 சதவீதம், அதாவது 48,000 டாலர் டவுன் பேமென்ட். அதுல 25,000 டாலர் சித்தப்பா அனுப்பினது. பொள்ளாச்சி பக்கத்துல தென்னந்தோப்புல ஒரு பகுதியை வித்து, பேங்க்ல எல்.ஆர்.எஸ். ஃபார்ம் எல்லாம் நானே கூட உக்காந்து எழுதி அனுப்பி வச்சோம்.

மீதி 4,32,000 டாலர் கடன். 6.5 சதவீதம், 30 வருஷம். மாசத் தவணை சுமார் 2,730 டாலர். 30 வருஷமும் கட்டி முடிச்சா மொத்தம் கிட்டத்தட்ட 9,83,000 டாலர். இதை எல்லாம் நான் ஷீட்ல அழகா கலர் அடிச்சுக் கொடுத்தேன்.

அந்த ஷீட்ல ஒரு வரி இருந்தது. "டிரைவால் அடிக்கும் முன் தனி இன்ஸ்பெக்ஷன்: 450 டாலர்." வீட்டு விலையில 0.1 சதவீதம் கூட இல்ல. ஆனா குளோசிங் காஸ்ட் ஏறிக்கிட்டே போச்சு, எங்கேயாவது குறைக்கணும் என்று பார்த்தோம். "சிட்டி பார்க்குது, பில்டர் வாரண்டி தர்றான், சுவர் செங்கல் வேற. இதை எடுத்துடு"ன்னு சொல்லி அந்த வரியை டெலீட் பண்ணினது என் கைதான்.

அடுத்த வருஷம் சித்தப்பா அங்க போனார். ஊர்ல நாலு வீடு கட்டிப் பார்த்த மனுஷன். உள்ள நுழைஞ்சதும் விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்திருக்கார். "ஏன் கண்ணு, செவுத்தத் தட்டுனா தகர டப்பா மாதிரி கேக்குது?" தம்பி சிரிச்சுக்கிட்டே, "அப்பா, இங்க எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லிட்டான். உண்மையும் அதுதான்.

2025ல ஹால் ஜன்னலுக்குக் கீழ பெயின்ட் லேசா உப்பிச்சு. கை வச்சா ஜில்லுன்னு இருந்தது. பிரிச்சுப் பார்த்தா உள்ள பலகை கருத்து, ஊறி, விரலால் குத்தினா உதிருது. வெளிச் செங்கலை எடுத்து, பலகையை மாத்தி, அஞ்சு மரச்சட்டம் மாத்தி, ஜன்னலைக் கழற்றித் திரும்பப் பொருத்தி எல்லாம் முடிக்க 21,400 டாலர். சித்தப்பா தோப்பு வித்து அனுப்பினது 25,000.

செங்கல் சுவர் இல்லீங்க, செங்கல் சட்டை

நம்ம ஊர்ல செங்கல் சுவர் என்றால் செங்கல்தான் சுவர். ஸ்லாப் இருக்கும், தூண் இருக்கும், நடுவுல செங்கல் இருக்கும். மழைல நனையும், வெயில்ல காயும். கசிவு வந்தா வெள்ளை பூக்கும், பெயின்ட் உரியும். அசிங்கமா இருக்கும், ஆனா வீடு மக்கிப் போகாது.

அமெரிக்காவுல, கனடாவுல பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்ட வீடுகள். டெக்சாஸ்ல வெளியே செங்கல் தெரியும். அது வீட்டைத் தாங்கற சுவர் இல்ல. தன் எடையை மட்டும் தாங்கிக்கிட்டு நிக்கற ஒரு சட்டை. உள்ளேயிருந்து வெளியே போனா அடுக்கு இப்படி இருக்கும்: ஜிப்சம் போர்டு, அதுக்குப் பின்னாடி ஸ்டட் என்று சொல்ற செங்குத்து மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவுல இன்சுலேஷன், அப்புறம் ஓ.எஸ்.பி. பலகை, அது மேல ஹவுஸ் ராப் என்கிற தண்ணி தடுப்புத் துணி, கொஞ்சம் காலி இடம், கடைசியா செங்கல். சித்தப்பா கேட்ட டப்பா சத்தம் ஜிப்சம் போர்டுக்குப் பின்னாடி இருக்கற இடைவெளியோட சத்தம்.

மர வீடு மட்டம் என்று நான் சொல்லவே இல்ல. தண்ணியில்லாம வச்சிருந்தா நூறு வருஷம் தாண்டி நிக்கிற மர வீடுகள் அங்க தெருத்தெருவா இருக்கு. எடை கம்மி என்பதால நிலநடுக்கத்துக்கும் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை: உள்ள போன தண்ணி வெளிய வரணும், நனைஞ்சது காயணும். அந்த நிபந்தனையை எழுத்துல போட்டு வச்சிருக்கறதுதான் பில்டிங் கோட்.

கோட் என்ன கேட்குது?

அமெரிக்காவுல ஒண்ணு, ரெண்டு குடும்ப வீடுகளுக்கும் மூணு மாடி வரைக்குமான டவுன்ஹவுஸ்களுக்கும் மாதிரி விதி, இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட். சுருக்கமா ஐ.ஆர்.சி. இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் என்ற அமைப்பு 2000ல முதல் பதிப்பு போட்டது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறாங்க. இது தானா சட்டம் ஆகாது. மாநிலமோ நகரமோ ஏத்துக்கிட்டால்தான் சட்டம். ஏத்துக்கும்போது சிலதை வெட்டுவாங்க, சிலதைச் சேர்ப்பாங்க. அதனால பக்கத்து பக்கத்து ஊர்ல கூட வேற வேற வருஷப் பதிப்பு அமல்ல இருக்கலாம்.

வெளிச்சுவருக்கு அது கேட்கற சில விஷயங்களைப் பாருங்க. எல்லாம் சாதாரண மனுஷன் டேப் வச்சு அளக்கக்கூடியவைதான்.

முதல்ல மரச்சட்டம். "டூ பை ஃபோர்" என்று பேர் இருந்தாலும் நிஜ அளவு ஒன்றரை இஞ்ச், மூன்றரை இஞ்ச். 10 அடி வரைக்குமான தாங்கு சுவர்ல, மேல கூரை மட்டும்தான் என்றால் 24 இஞ்சுக்கு ஒரு சட்டம் போதும். மேல ஒரு மாடியும் கூரையும் இருந்தால் 16 இஞ்சுக்கு ஒண்ணு. மேல ரெண்டு மாடி என்றால் பொது அட்டவணைல டூ பை ஃபோருக்கு இடமே இல்ல. டூ பை சிக்ஸ்தான்.

அந்தச் சட்டத்தை வெட்டறதுக்கும் அளவு உண்டு. வெளிச்சுவர்ல இருக்கற சட்டத்தோட அகலத்துல கால் பங்குக்கு மேல வெட்டு போடக்கூடாது. துளை போட்டா 40 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. இரட்டைச் சட்டம் போன்ற சில விதிவிலக்குகள் தனி. மூன்றரை இஞ்ச்ல 40 சதவீதம் என்றால் 1.4 இஞ்ச்தான். பிளம்பர் அவசரத்துல ரெண்டு இஞ்ச் துளை போட்டுட்டு பைப்பைச் சொருகிட்டுப் போயிட்டா, அது ஜிப்சம் போர்டுக்குப் பின்னாடி மறைஞ்சிடும்.

கீழ, அடிச்சட்டத்தை கான்கிரீட்டோட பிடிக்கற ஆங்கர் போல்ட் 6 அடிக்கு ஒண்ணாவது இருக்கணும், அரை இஞ்ச் தடிமன், 7 இஞ்ச் ஆழம். கான்கிரீட்டைத் தொடற மரம் மருந்து ஏத்தின மரமாவோ, இயல்பாவே மக்காத வகையாவோ இருக்கணும். மண்ணுக்கும் சாதாரண மரத்துக்கும் நடுவுல 6 இஞ்சாவது இடைவெளி வேணும். வீட்டைச் சுத்தி முதல் 10 அடியில தரை 6 இஞ்ச் வெளிப்பக்கமா சரியணும்.

இப்ப நம்ம கதைக்கு வரும் பகுதி. செங்கலுக்கும் பலகைக்கும் நடுவுல குறைஞ்சது 1 இஞ்ச் காத்து இடம். செங்கலோட அடிவரிசைல வீப் ஹோல் என்கிற சின்ன வடிகால் ஓட்டைகள், 33 இஞ்சுக்கு மேல தள்ளித் தள்ளி இருக்கக்கூடாது. செங்கல் நனையும், அதுக்குப் பின்னாடி தண்ணி இறங்கும் என்பது கோட் எழுதினவங்களுக்கே தெரியும். அதைத் தடுக்க முடியாது, வெளிய அனுப்பத்தான் முடியும் என்பதுதான் அந்த ஓட்டையோட அர்த்தம்.

ஹவுஸ் ராப்பும் ஜன்னல் ஃபிளாஷிங்கும் நம்ம ஓட்டு வீட்டுக் கணக்குதான். மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உக்காரணும். மாத்திப் போட்டா மழைத்தண்ணி நேரா வீட்டுக்குள்ள. தம்பி வீட்டு ஜன்னல்ல நடந்தது அதுதான். ஜன்னல் தலைப்பட்டிக்கு மேல துணி வந்து மூடணும். அங்க துணிக்கு மேல டேப்பை ஒட்டி முடிச்சிட்டாங்க. டேப் பிசின் விட்டதும், துணி மேல வழிஞ்ச தண்ணி முழுக்க ஜன்னலுக்குப் பின்னாடி போச்சு. ஒரு ஆள், பத்து நிமிஷம், வரிசை மாறிப் போச்சு. அவ்வளவுதான் தப்பு.

இன்னொரு தப்பும் இருந்தது. அது எங்க பக்கம். ஜன்னலுக்குக் கீழ மல்லிச்செடி வைக்கலாம் என்று தம்பி மனைவி மண் கொட்டி, பாத்தி கட்டி, மரத்தூள் பரப்பினாங்க. வீப் ஹோல் நாலும் மண்ணுக்குள்ள. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியும் இல்ல. அது ஓட்டை என்றே அவங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லல. எங்க ஊர்ல சுவரோட அடில ஓட்டை இருந்தா எலி வரும் என்று சிமென்ட் வச்சு அடைப்போம்.

அப்ப யார் பார்த்தாங்க?

இதுதான் என் முக்கியமான வாதம். அந்தச் சுவரை நாலு பேர் "பார்த்து" ஓகே பண்ணினாங்க. நாலு பேருமே அவங்க வேலையைத்தான் செஞ்சாங்க. ஆனா ஒருத்தர் கூட தம்பிக்காகப் பார்க்கல.

சிட்டி இன்ஸ்பெக்டர்: ஐ.ஆர்.சி.ல இன்ஸ்பெக்ஷன் பட்டியல் இருக்கு. அஸ்திவாரம், பிளம்பிங்-எலெக்ட்ரிக்கல் ரஃப்-இன், ஃபிரேமிங், கடைசி இன்ஸ்பெக்ஷன் என்று போகும். ஜன்னல் ஃபிளாஷிங் பார்க்கறதுக்கு என்றே ஒரு தனி விசிட் அந்த மாதிரிப் பட்டியல்ல கிடையாது. ஒரு நாள்ல பல வீடு பார்க்கற மனுஷர். அவர் தவற விட்டால் நகராட்சிகிட்ட நஷ்டஈடு வாங்கறது பெரும்பாலும் நடக்காத காரியம்.

பேங்க் அப்ரைசர்: வீட்டோட மதிப்பு கடனுக்கு ஈடாகுமா என்று மட்டும் பார்ப்பார். பேங்க்குக்காகப் பார்க்கறவர். ஃபீஸ் கட்டறது நீங்க.

இன்ஷூரன்ஸ் கம்பெனி: புயல், தீ மாதிரி திடீர்னு வர்ற இழப்புக்குத்தான் வழக்கமான பாலிசி. வாரக்கணக்கா மெல்லக் கசிஞ்ச தண்ணி, மக்கல், பூஞ்சை, கட்டுமானக் குறை எல்லாம் விலக்குப் பட்டியல்ல இருக்கும். தம்பி கிளெய்ம் போட்டான். வந்து பார்த்துட்டு, பலகை கருத்திருக்கறதே இது நாள்பட்டது என்பதற்கு ஆதாரம் என்று நிராகரிச்சாங்க.

பில்டர்: புது வீட்டு வாரண்டி வழக்கமா 1-2-10 என்று இருக்கும். வேலைத்தரத்துக்கு 1 வருஷம், பிளம்பிங் எலெக்ட்ரிக்கல் மாதிரி சிஸ்டம்களுக்கு 2 வருஷம், பெரிய கட்டமைப்புக் குறைக்கு 10 வருஷம். ஃபிளாஷிங் வேலைத்தரக் கணக்குல வருது, அதோட 1 வருஷம் எப்பவோ முடிஞ்சது. அஞ்சு சட்டம் மக்கினது "பெரிய கட்டமைப்புக் குறை" என்ற வரையறைக்குள்ள வராது என்றாங்க. கூடவே, "வீப் ஹோலை மண் போட்டு மூடினது நீங்கதானே" என்று ஒரு போட்டோ. அதுக்கு எங்களால பதில் சொல்ல முடியல.

என் தொழில்ல இருந்து ஒரு விஷயம் சொன்னா புரியும். நான் ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறேன். அந்தக் கம்பெனியோட ஒவ்வொரு பில்லையும் பார்த்தேன் என்று அதுக்கு அர்த்தம் இல்ல. சாம்பிள் எடுத்துப் பார்ப்போம். கம்பெனி நல்லா லாபம் பண்ணும் என்று உத்தரவாதமும் இல்ல. ஆடிட் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி யாராவது ஒரு ஷேர்ல மொத்தப் பணத்தையும் போட்டா நான் திட்டுவேன். ஆனா வீடு விஷயத்துல நானே சிட்டியோட பச்சை ஸ்டிக்கரைப் பார்த்துட்டு 9,83,000 டாலர் கணக்குக்கு ஓகே சொன்னேன்.

கோட் என்பது சட்டம் அனுமதிக்கற குறைஞ்சபட்சம். அதுக்குக் கீழ கட்டினால் சட்ட விரோதம். "எங்க வீடு கோட் படி கட்டினது" என்று ஒரு சேல்ஸ்மேன் பெருமையாச் சொன்னா, "நாங்க சட்டத்தை மீறல" என்று சொல்றார். 35 மார்க் வாங்கிட்டார். அதுவும் அந்த நாள்ல, அந்த விசிட்ல, கண்ணுல பட்ட வரைக்கும்.

வான்கூவர்ல ஊரே இந்தப் பாடம் படிச்சது

இது ஒரு வீட்டோட துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீங்க. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல 1980கள்லயும் 90கள்லயும் கட்டின ஏராளமான அடுக்குமாடி வீடுகள், பெரும்பாலும் மரச்சட்டக் கட்டடங்கள், உள்ளுக்குள்ள மக்கிப் போச்சு. மழை ஊர். ஆனா கூரை நீட்டல் இல்லாத டிசைன், வெளியே ஸ்டக்கோ பூச்சு, பூச்சுக்குப் பின்னாடி தண்ணி வடிய இடம் கிடையாது. வெளிப்பூச்சே தண்ணியைத் தடுத்துடும் என்று நம்பினாங்க. ஜன்னல் ஓரம், பால்கனி மூலைல போன தண்ணி உள்ளயே தங்கிடுச்சு.

வாங்கினவங்கள்ல பலர் முதல் வீடு வாங்கின சம்பளக்காரங்க. ரிப்பேருக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் பல்லாயிரம் டாலர் பங்கு போடவேண்டி வந்தது. கட்டின கம்பெனிகள்ல பல, ஒரு பிராஜெக்ட்டுக்கு என்றே ஆரம்பிச்சு முடிஞ்சதும் மூடின கம்பெனிகள். கேஸ் போட ஆளே இல்ல. 1998ல மாகாண முன்னாள் பிரீமியர் டேவ் பேரட் தலைமைல விசாரணைக் கமிஷன் போட்டாங்க. அதே வருஷம் ஹோம்ஓனர் புரொடெக்ஷன் ஆக்ட் வந்தது. 1999 ஜூலைல இருந்து புது வீடுகளுக்கு மூணாம் தரப்பு வாரண்டி கட்டாயம்: வேலைக்கும் பொருளுக்கும் 2 வருஷம், கட்டமைப்புக்கு 10 வருஷம், நடுவுல தண்ணி புகாம காக்கற வெளிச்சுவர்-கூரை அடுக்குக்கு என்றே தனியா 5 வருஷம்.

அந்த 5 வருஷத்தைக் கவனிங்க. தண்ணி உள்ள போய் வெளிய தெரிய வர்றதுக்குச் சில வருஷம் ஆகும் என்பதை அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஊர் எழுதின சட்டம் அது. தம்பி வீட்டுக் கசிவு வெளிய தெரிய ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு. பேப்பர்ல ஒரே மாதிரி தெரியற ரெண்டு வாரண்டிக்கு நடுவுல வித்தியாசம் 21,400 டாலர்.

எழுத்துல கோட் நல்லா இருந்தாலும் அமல்ல ஓட்டை இருந்தா என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடா உதாரணம். தெற்கு ஃப்ளோரிடாவோட கோட் அந்தக் காலத்துல கடுமையானது என்று பேர் வாங்கினது. 1992 ஆகஸ்ட்ல ஆண்ட்ரூ புயல் வந்தப்ப, மட்டமான வேலையும் மேலோட்டமான இன்ஸ்பெக்ஷனும் சேர்ந்து வெளிய வந்துடுச்சு. மாநிலம் முழுக்க ஒரே கோட் 2002ல அமலுக்கு வந்தது. 

விசால இருக்கறவங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம்

நம்ம வாசகர்கள்ல நிறையப் பேர் எச்-1பி. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்துல வீட்டை விக்கவோ வாடகைக்கு விடவோ வேண்டி வரலாம். டெக்சாஸ் உட்பட நிறைய மாநிலங்கள்ல, உங்களுக்குத் தெரிஞ்ச குறையை வாங்கறவர்கிட்ட எழுத்துல சொல்லியாகணும். சுவர் ஈரமா இருக்கற வீட்டை அவசரத்துல வித்தால் என்ன விலை கிடைக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. சிட்டிசன் ஒருத்தர் ரெண்டு வருஷம் மெதுவா ரிப்பேர் பண்ணிட்டு விப்பார். உங்களுக்கு அந்த வசதி இல்ல.

வரியிலும் ஆறுதல் கிடையாது. குடியிருக்கற வீட்டு ரிப்பேர் செலவை அமெரிக்க ஃபெடரல் வருமான வரில கழிக்க முடியாது. மெல்ல மெல்ல மக்கினது கேஷுவல்ட்டி லாஸ் கணக்குலயும் வராது. பில்லை மட்டும் பத்திரமா வைங்க. அதுல எது மேம்பாடு, எது ரிப்பேர் என்று விக்கும்போது உங்க சி.பி.ஏ. பார்த்துச் சொல்வார்.

"ஆனா சார்..."

"பில்டர் வெளி இன்ஸ்பெக்டரை விடமாட்டாரே?" கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க, ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. முன்கூட்டியே நேரம் சொல்லி, இன்ஷூரன்ஸ் உள்ள லைசென்ஸ்டு இன்ஸ்பெக்டர் என்றால் அனுமதிக்கற பில்டர்கள் நிறைய. திறந்திருக்கற சுவரை ஒரு மணி நேரம் பார்க்க விடமாட்டேன் என்று ஒருத்தர் அடம் பிடிச்சா, அது உங்களுக்கு இலவசமா கிடைச்ச தகவல்.

"பழைய வீடு, போட்டி ஜாஸ்தி, இன்ஸ்பெக்ஷன் நிபந்தனையை விட்டுக் கொடுத்தாத்தான் கிடைக்கும்." 2021, 2022ல நிறையப் பேர் அப்படித்தான் வாங்கினாங்க. என் கருத்து இதுல மாறாது. அந்த நிபந்தனையை விட்டுத்தான் ஆகணும் என்றால் அந்த வீட்டை விட்டுடுங்க. வாடகைல இன்னும் ஆறு மாசம் இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது.

"இன்ஸ்பெக்டர் மட்டும் எல்லாம் பிடிச்சிடுவாரா?" பிடிக்கமாட்டார். ஆனா நாலு பேர் அவங்க அவங்களுக்காகப் பார்த்த சுவரை, அஞ்சாவதா ஒருத்தர் உங்களுக்காகப் பார்ப்பார்.

என்ன பண்ணணும்? என் லிஸ்ட்

1. கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு கேள்வி: எந்த வருஷ ஐ.ஆர்.சி. படி பர்மிட்? இந்த இடத்துக்கு எந்த அதிகாரி இன்ஸ்பெக்ஷன் பண்றார்? நகர எல்லைக்கு வெளியே கவுண்டி நிலத்துல இருந்தா இந்த ரெண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம்.

2. டிரைவால் அடிக்கும் முன் தனி இன்ஸ்பெக்ஷன். செங்கல் ஏத்தறதுக்கு முன்னாடியும் வந்து ஜன்னல் ஃபிளாஷிங்கைப் பார்க்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டும் வேற வேற நாள்.

3. சுவர் திறந்திருக்கற அன்னைக்கு, ஒவ்வொரு ரூமையும் ஒவ்வொரு ஜன்னலையும் போன்ல வீடியோ எடுத்து வைங்க. செலவு பூஜ்ஜியம். நாளைக்கு பைப் எங்க போகுது என்று தேடவும் உதவும், பில்டரோட பேசவும் உதவும்.

4. 11வது மாசம் இன்னொரு இன்ஸ்பெக்ஷன். வேலைத்தர வாரண்டி 12வது மாசம் முடியும். ஜன்னல் கீழ் மூலைகள்ல ஈரமானி வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கண்டுபிடிச்சதை எழுத்துல அனுப்புங்க. போன்ல சொன்னது கணக்குல வராது.

5. வீப் ஹோலை மூடாதீங்க. மண், மரத்தூள், செடி எல்லாம் அதுக்குக் கீழதான் இருக்கணும். மழை முடிஞ்சதும் ஒரு தடவை வீட்டைச் சுத்தி வாங்க. தண்ணி சுவரோரம் தேங்கினா அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீங்க.

6. இன்ஷூரன்ஸ் பாலிசில பிரீமியம் பக்கத்தை விட்டுட்டு விலக்குப் பக்கத்தை முதல்ல படிங்க.

7. வீட்டு விலையில வருஷத்துக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு என்று ஒதுக்கறது ஒரு பழைய நடைமுறைக் கணக்கு. 4,80,000 டாலர் வீட்டுக்கு மாசம் 400 டாலர். இதையும் சேர்த்த தவணையை உங்க சம்பளம் தாங்குதா என்று பாருங்க. தாங்கல என்றால் அந்த வீடு உங்க பட்ஜெட்ல இல்ல.

என் எக்செல் ஷீட்டையும் மாத்திட்டேன். இன்ஸ்பெக்ஷன் வரி இப்ப டவுன் பேமென்ட்டுக்கு நேர் கீழ இருக்கு, செல் லாக் பண்ணி வச்சிருக்கேன். டிஸ்கிரிப்ஷன்ல இருக்கற ஷீட்டை பழசா டவுன்லோட் பண்ணினவங்க தயவுசெய்து புதுசை எடுத்துக்குங்க.

தம்பி 21,400 டாலரை எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுத்துக் கட்டினான். ஃபண்ட் இருந்ததால தப்பிச்சான். இது வரைக்கும் சித்தப்பாவுக்கு முழுசாச் சொல்லல. "ஜன்னல் கிட்ட சின்ன வேலை"ன்னு மட்டும் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அவரே கேட்டார்: "அந்த டப்பா செவுரு எப்படிடா இருக்கு?" நல்லா இருக்கு சித்தப்பா என்று சொல்லிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அங்க வீடு வாங்கற முடிவுல இருக்கற ஒரு நண்பருக்காவது இதை அனுப்புங்க. சுவருக்குள்ள நீங்க எதையாவது கண்டுபிடிச்சிருந்தா கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல அதையே எடுத்துப் பேசறேன்.